அஃபிலியேட்டட் ஷோ ஜம்பிங்: முதல் போட்டிக்கு எப்போது போகலாம்?

2025 மார்ச் 8 – வாசகி ஒருவரின் கேள்வி

அக்கா, நான் லெஸ்டர் பக்கம் இருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் குதிரை, 15.2 கை உயரம். பக்கத்து கிளப் போட்டிகளில் 80 செ.மீ. குதிக்கிறோம், கடைசி மூன்று முறையும் கிளியர், ஒரு பிழையும் இல்லை. இனி பிரிட்டிஷ் ஷோஜம்பிங் என்ற தேசிய அமைப்பில் பதிவு செய்து அஃபிலியேட்டட் போட்டிக்கு, அதாவது அந்த அமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டிக்குப் போகலாமா, இல்லை 90 நன்றாகக் கைவந்த பிறகு போவதா? யார்டில் (குதிரைகளை வைத்திருக்கும் இடத்தில்) ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அங்கே வருவது எல்லாம் தொழில்முறை ஆட்கள், நாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான் என்று ஒரு பயமும் இருக்கிறது.

மார்ச் 8, இரவு

போங்கள். 90 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 80-க்கே அங்கே வகுப்பு இருக்கிறது, அதில் போங்கள்.

தொழில்முறை ஆட்கள் வருவார்கள், உண்மைதான். நாலைந்து வயதுக் குதிரைகளுக்குப் பழக்கம் வரட்டும் என்று சின்ன வகுப்புகளில் கொண்டு வருவார்கள். நான் முதல் முறை போனபோது எனக்கு முன்னால் போனவர் பெரிய போட்டிகளில் குதிப்பவர். அவருடைய இளங்குதிரை இரண்டாவது தடையில் நின்றுவிட்டது. அவர் அதன் கழுத்தில் தட்டிக்கொடுத்து, திருப்பிக் கொண்டுவந்து தாண்டவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போனார். என் பயத்தில் பாதி அப்போதே போய்விட்டது.

மார்ச் 9, காலை

நேற்று அவசரத்தில் எழுதியதற்குக் கொஞ்சம் விளக்கம். கிளப் 80-க்கும் அஃபிலியேட்டட் 80-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். உயரம் ஒன்றுதான், ஆனால் இங்கே 80 என்றால் 80. கிளப் போட்டியில் ஒரு ஓரம் சரிந்து 72 ஆக இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. இங்கே கோர்ஸை, அதாவது தடைகளின் பாதையை, தகுதி பெற்ற டிசைனர் வரைந்து அமைத்திருப்பார். தடைக்கு அடியில் ஃபில்லர் வைத்திருப்பார்கள், வண்ணப் பலகை, சுவர் மாதிரி ஒன்று, பூத்தொட்டி எல்லாம் இருக்கும். குதிரைக்குக் கண்ணில் படுவது அதுதான், கம்பின் உயரம் இல்லை. என் செல்லி (பாஸ்போர்ட்டில் நீளமான ஐரிஷ் பெயர் இருக்கிறது, யார்டில் அவள் செல்லிதான்) வீட்டில் 1 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுவாள், முதல் போட்டியில் 80-இல் மஞ்சள் பலகை ஒன்றைப் பார்த்து அப்படியே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டாள். நான் மட்டும் நேராகப் போனேன். விழவில்லை, கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அதனால் வீட்டில் இதைவிட உயரமாகக் குதித்தாலும் முதல் போட்டிக்கு 80-க்கு மேல் பதிவு செய்ய வேண்டாம். இது தோல்வி பயத்தால் சொல்வதில்லை. முதல் நாளில் குதிரைக்குப் புது இடம், ஒலிபெருக்கி, கைதட்டல், வார்ம்-அப்பில் இருபது அந்நியக் குதிரைகள். உயரமாவது அதற்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும்.

நல்ல பக்கமும் உண்டு. தடைகளுக்கு இடையிலான தூரம் சரியாக அளந்து வைத்திருப்பார்கள். கிளப் போட்டியில் எத்தனை முறை டபுள் (அடுத்தடுத்து ஒன்றாக வைத்த இரண்டு தடை) நெருக்கமாக இருந்து குதிரை திணறியிருக்கிறது, நாமும் நம் ஓட்டம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு வந்திருக்கிறோம்.

மார்ச் 9, மதியம்

காகித வேலையை இப்போதே தொடங்குங்கள், அதில்தான் நாள் போகும். நீங்கள் உறுப்பினர் ஆக வேண்டும், குதிரையையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினர் வகைகள் பல, சின்ன உயரங்களுக்கு மட்டும் என்று விலை குறைந்த வகையும் உண்டு. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 15.2 கை என்றால் சுமார் 157 செ.மீ., போனி எனும் குட்டைக் குதிரைக்கான வரம்பு 148, அதனால் உங்களுக்கு உயரச் சான்றிதழ் தொல்லை இல்லை.

குதிரையின் பாஸ்போர்ட் எப்போதும் கூடவே வர வேண்டும். மைக்ரோசிப் இங்கிலாந்தில் 2020 அக்டோபரிலிருந்து எல்லாக் குதிரைக்கும் கட்டாயம். பாஸ்போர்ட்டில் இருக்கும் எண்ணும் சிப்பின் எண்ணும் ஒன்றுதானா என்று கால்நடை மருத்துவர் அடுத்த முறை வரும்போது ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஃப்ளூ தடுப்பூசி. முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் இடையே 21 முதல் 92 நாள், அதன் பிறகு மூன்றாவது, பிறகு வருடா வருடம். இதில் நான் பட்டது பெரிய பாடு. செல்லியை வாங்கியபோது பழைய உரிமையாளர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், நானும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். போட்டி அன்று பாஸ்போர்ட்டைப் பார்த்த ஸ்டூவர்ட் (போட்டி அலுவலர்) விரலை வைத்து இரண்டு தேதிகளைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஊசி ஒரு வருடத்தைத் தாண்டி மூன்று நாள் தாமதமாகப் போட்டிருக்கிறது. மூன்றே நாள். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பிடரி பின்னி, வண்டி ஓட்டிப் போய், இறக்காமலே திரும்பி வந்தோம். அந்த ஸ்டூவர்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2019 பிப்ரவரியில் இந்த ஃப்ளூ வந்துதான் பிரிட்டன் முழுக்கக் குதிரைப் பந்தயத்தை ஆறு நாள் நிறுத்தினார்கள். விதி இருக்க வேண்டியதுதான்.

மார்ச் 10

திருத்தம். நேற்று 21 முதல் 92 நாள் என்று எழுதியது பழைய கணக்கு, அதை விட்டுவிடுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து மாறிவிட்டது. இப்போது முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 21 முதல் 60 நாள், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 120 முதல் 180 நாள். ஏற்கனவே பழைய கணக்கில் சரியாகப் போட்டு முடித்த குதிரைக்குப் பிரச்சினை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்தான் கவனிக்க வேண்டும். ஊசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டிக்குப் போகக் கூடாது, அதையும் பதிவு செய்யும் முன்பு நாள்காட்டியில் பாருங்கள்.

என் யார்டில் ஒருவர் இதைப் படித்துவிட்டு உடனே போய்த் தன் குதிரையின் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். அடுத்த ஊசிக்குப் பதினொரு நாள்தான் பாக்கி இருந்ததாம். எழுதியதற்கு அதுவே போதும்.

மார்ச் 16

உடை பற்றிக் கேட்டவருக்கு: ஏற்கனவே இருக்கும் நீல ஜாக்கெட், வெள்ளை அல்லது வெளிர் நிற பிரீச்சஸ், வெள்ளைச் சட்டை, டை. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். தலைக்கவசம் மட்டும் இப்போதைய பாதுகாப்புத் தரத்தில் இருக்க வேண்டும், பழையது என்றால் செலவு செய்வதற்கு முதல் இடம் அதுதான். சவுக்கு 75 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான்.

மார்ச் 22

இன்று கோர்ஸை நடந்து பார்ப்பது பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். வகுப்பு தொடங்கும் முன் கோர்ஸைத் திறந்துவிடுவார்கள், எல்லாரும் இறங்கி நடப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் போனைத் தொடாதீர்கள், தோழியோடு பேசிக்கொண்டு நடக்காதீர்கள்.

கேன்டரில் (நிதானமான பாய்ச்சல் ஓட்டத்தில்) குதிரை எடுத்துவைக்கும் ஓர் எட்டு சுமார் 12 அடி, அதாவது நம்முடைய நாலு பெரிய எட்டு. ஒவ்வொரு எட்டும் மூன்றடி வருமாறு வீட்டு வாசலில் டேப் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், நான் தெருவில் நடக்கும்போதெல்லாம் பழகினேன், அடுத்த வீட்டுக்காரர் விசித்திரமாகப் பார்த்தார். தடையைத் தாண்டி இறங்க இரண்டு எட்டு, அடுத்த தடைக்கு முன் எழும்ப இரண்டு எட்டு, நடுவில் இருப்பதை நாலால் வகுக்க வேண்டும். டபுளில் மொத்தம் 8 எட்டு நடந்தால் நடுவில் ஒரு கேன்டர் எட்டு, பன்னிரண்டு நடந்தால் இரண்டு. இரண்டு தனித் தடைகளுக்கு இடையே இருபத்துநாலு வந்தால் ஐந்து. இருபத்தாறு வந்தால் என்ன செய்வது? அங்கேதான் உங்கள் குதிரையை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். செல்லியின் ஒவ்வோர் எட்டும் நீளமானது, இருபத்தாறைக் கொஞ்சம் முன்னே விட்டால் ஐந்திலேயே முடித்துவிடுவாள். குட்டைக் கால் காப் குதிரை என்றால் இருபத்துநாலிலேயே ஆறு போடும், அதுவும் தவறில்லை, பொறுமையாக ஆறு போடலாம்.

தடைகளை மட்டும் பார்க்காமல் திருப்பங்களை நடங்கள். குதிரை எந்த வழியில் போகுமோ அதே வழியில் உங்கள் கால் போக வேண்டும். நாம் குறுக்கே நடந்து அளந்துவிட்டு, குதிரையில் அகலமாகத் திரும்பி வந்தால் அளந்தது வீண். சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். தொடக்கக் கோடு எது, முடிவுக் கோடு எது என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வாருங்கள். முடிவுக் கோட்டைத் தாண்டாமல் சந்தோஷத்தில் வெளியே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 23

மேலே எழுதியதில் விட்டது. மணி அடிக்கும் முன் தொடங்கினால் நீக்கம். மணி அடித்துவிட்டதே என்று பதறவும் வேண்டாம், 45 விநாடி இருக்கிறது, அது நிறைய நேரம். ஒரு சுற்று கேன்டர் போய், மூச்சு விட்டு, பிறகு முதல் தடையைப் பாருங்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே ஓட்டம் சரியில்லை என்று ஒரு வட்டம் போட்டால் அது மறுப்புக் கணக்கில் (குதிரை தாண்ட மறுத்து நின்றதாக) வரும், 4 பிழைப் புள்ளி. கம்பு விழுந்தாலும் 4.

ஏப்ரல் 2

இப்போது என் முதல் பதிலைத் திரும்பப் படித்தேன். "போங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொன்னது உங்களுக்குச் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஒருவரின் குதிரை வண்டியில் ஏறவே அரை மணி நேரம் எடுக்கிறது. இன்னொருவர் வேறு இடத்தில் ஒரு முறைகூடக் குதித்ததில்லை. அவர்களுக்கு என் பதில்: இன்னும் போகாதீர்கள். போட்டி நடக்கும் மைதானத்தைப் போட்டி இல்லாத நாளில் வாடகைக்கு எடுத்துக் குதிக்கலாம், பல இடங்களில் தடைகளைப் போட்டே வைத்திருப்பார்கள். அங்கே இரண்டு முறை போய், ஃபில்லர்களை முகர்ந்து பார்க்கவைத்து, தாண்டி, வீட்டுக்கு வந்த பிறகு பதிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால் குதிரை இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் போய் வார்ம்-அப் வேலியோரம் நில்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் பெயர்ப் பலகையில் பெயர் எழுத வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பெரிய வகுப்பு முடிவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு என் முறை தானாக வரும் என்று காத்திருந்தேன், என் வகுப்பு முடியப் போகிறது என்று ஒரு சிறுமி வந்து சொன்னாள்.

ஏப்ரல் 3

வார்ம்-அப் பயங்கரமாக இருக்குமா என்ற கேள்விக்கு. ஆம், முதல் இரண்டு முறை இருக்கும். எதிரே வருபவரை இடது தோளுக்கு இடது தோள் கடக்க வேண்டும். பயிற்சித் தடைக்கும் கொடி உண்டு, சிவப்பு வலப்பக்கம் வரும் திசையில் மட்டும்தான் தாண்டலாம். தாண்டப் போகும்போது உரக்கச் சொல்லுங்கள், "நேர்த்தடை" என்றோ "ஆக்ஸர்" (அகலத் தடை) என்றோ ஆங்கிலத்தில் கத்துவார்கள், நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் கத்தாமல் போவதுதான் ஆபத்து. நிறைய குதிக்காதீர்கள். ஐந்தாறு தடை போதும். நான் பதட்டத்தில் பதினைந்து, இருபது என்று குதித்து, உள்ளே போகும்போது செல்லியின் கால் சோர்ந்திருந்தது. அன்று மூன்று கம்புகள் விழுந்தன. மூன்றும் பின்னங்காலில்.

ஏப்ரல் 20

சிங்கிள் ஃபேஸ், டூ ஃபேஸ் என்ற இரண்டு போட்டி வகைகளின் வித்தியாசம். டூ ஃபேஸில் முதல் பகுதியைப் பிழையில்லாமல் முடித்தால்தான் நிற்காமல் நேரம் கணக்கிடும் இரண்டாம் பகுதிக்குப் போகலாம். பிழை இருந்தால் அங்கேயே மணி அடித்து நிறுத்திவிடுவார்கள். சிங்கிள் ஃபேஸில் கம்பு விழுந்தாலும் கடைசிவரை குதிக்கலாம். அதனால் அனுபவம் வேண்டும் என்று போகிறவர் சிங்கிள் ஃபேஸ் எது என்று அட்டவணையில் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கட்டணம் ஒன்றுதான், தாண்டும் தடைகள் அதிகம்.

மே 4

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் எழுதுகிறேன். இங்கே வகுப்புகளுக்குப் பெயர் உண்டு. பிரிட்டிஷ் நோவிஸ் 90 செ.மீ., டிஸ்கவரி 1 மீட்டர், நியூகமர்ஸ் 1.10, ஃபாக்ஸ்ஹன்டர் 1.20. முதல் சுற்றுகளில் டபுள் கிளியர் (ஒரே வகுப்பில் இரண்டு பகுதியையும் பிழையில்லாமல் முடிப்பது) சேர்த்து இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டும். ஃபாக்ஸ்ஹன்டர் இறுதிப் போட்டி அக்டோபரில் பர்மிங்காமில் ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோவில் நடக்கும்.

அந்தப் பெயர் நரி வேட்டைக்காரனைக் குறிப்பதில்லை, அது ஒரு குதிரையின் பெயர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் ஷோ ஜம்பிங் குழுவுக்கு. ஹாரி லெவலின் ஓட்டிய ஃபாக்ஸ்ஹன்டர் காலைச் சுற்றில் 16¾ பிழை. ஒலிம்பிக்கில். மதியம் அதே குதிரை, அதே ஆள், ஒரு கம்புகூட விழவில்லை, தங்கம் கிடைத்தது. வேல்ஸில் அபெர்கவென்னிக்குப் பக்கத்தில் புளோரெஞ்ச் என்ற மலையில் அதற்கு நினைவுக்கல் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்த மூன்று கம்பு விழுந்த வாரம்தான் போனேன், கல்லின் முன்னால் வெகு நேரம் நின்றேன்.

மே 5

தமிழ்ச் சொற்கள் கேட்டவருக்கு. சேணம், கடிவாளம், லாடம், லாயம் எல்லாருக்கும் தெரியும். கால் வைக்கும் வளையத்துக்கு அங்கவடி என்று அழகான சொல் இருக்கிறது. டிராட், கேன்டருக்கு நான் ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டேன், யார்டில் அப்படித்தான் பேசுகிறோம். எங்கள் ஊர் எல்லையில் ஐயனார் கோயில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். சின்ன வயதில் அவற்றின் காலடியில் விளையாடியதோடு சரி, உயிருள்ள குதிரையைத் தொட்டது முப்பத்தொரு வயதில், இந்த நாட்டில். தாமதமாகிவிட்டதா என்று எழுதியவரே, இல்லை. நிக் ஸ்கெல்டன் 2000-இல் கழுத்து முறிந்தவர். 2016 ரியோவில் பிக் ஸ்டார் மேல் தனிநபர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 58.

மே 18

வண்டி. 2021 டிசம்பரிலிருந்து சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம், தனித் தேர்வு இல்லை. அதற்காகப் பயிற்சி இல்லாமல் இழுக்காதீர்கள், பின்னால் அரை டன் உயிர் நிற்கிறது. உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதும் தனிக் கணக்கு. 3.5 டன் ஹார்ஸ்பாக்ஸ் (குதிரை ஏற்றும் வண்டி) வாங்குபவர்கள் ஏற்றக்கூடிய எடையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு பெரிய குதிரை, சேணம், தண்ணீர், இரண்டு ஆட்கள் என்றால் பல வண்டிகளில் வரம்பைத் தாண்டிவிடும். பேசிப் பேசி விலையைக் குறைத்து ஒருவர் வாங்கிய பிறகு எடைப் பாலத்தில் ஏற்றிப் பார்த்தார், ஒரு குதிரைக்குத்தான் இடம்.

ஜூன் 1

தீவனப் பையில் நோப்ஸ் முத்திரை இருக்கிறதா பாருங்கள். தீவனத்தில் இயற்கையாகக் கலக்கக்கூடிய தடை செய்யப்பட்ட பொருள்களுக்கான கண்காணிப்பு அது. காஃபீன், கோகோவில் இருக்கும் தியோபுரோமின், கசகசாவிலிருந்து வரும் மார்ஃபின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் வீட்டில் குழந்தைகள் சாக்லேட் தின்ற கையோடு குதிரைக்கு ஊட்டுவார்கள், சொல்லி வையுங்கள். வலிக்கு பியூட் கொடுத்துக்கொண்டிருக்கும் குதிரையைப் போட்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. விதி ஒரு பக்கம், வலியை மறைத்துக் குதிக்கவைப்பது அதற்கும் மேலே.

ஜூலை 13

கேள்வி கேட்ட தங்கை நேற்று முதல் போட்டிக்குப் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். 80 செ.மீ., சிங்கிள் ஃபேஸ், 8 பிழை. நாலாவது தடையில் ஒரு மறுப்பு, டபுளின் இரண்டாம் பாகத்தில் ஒரு கம்பு. "டபுளில் 8 எட்டு நடந்து அளந்தேன் அக்கா, சரியாக இருந்தது, ஆனால் கம்பு ஏன் விழுந்தது?" என்று கேட்கிறார்.

காணொளியை நாலு முறை பார்த்தேன். தூரத்தில் தப்பில்லை. மூன்றாவது தடைக்குப் பிறகு இடப்பக்கம் திரும்பும்போது ஓட்டம் தளர்ந்துவிட்டது, அதனால்தான் உங்கள் குதிரை நாலாவதில் நின்றாள். அந்த மறுப்புக்குப் பிறகு நீங்கள் கை இறுகிப் பிடித்துக்கொண்டு, டபுளுக்குள் மெதுவாகக் கொண்டுவந்தீர்கள். மெதுவாக நுழைந்த குதிரைக்கு அந்த 8 எட்டுத் தூரம் நீளம், எட்டிப் போய்ப் பின்னங்காலால் தட்டிவிட்டாள். அடுத்த முறைக்கு முன் வீட்டில் கம்பை உயர்த்த வேண்டாம். தரையில் இரண்டு கம்பை அறுபது அடி இடைவெளியில் போட்டு, கேன்டரில் நடுவே ஐந்து எட்டு வருகிறதா என்று எண்ணுங்கள், பிறகு திருப்பத்திலிருந்து வந்து அதே ஐந்து வருகிறதா பாருங்கள். தரைக் கம்பில் எழும்பவும் இறங்கவும் இடம் வேண்டாம், அதனால் நடந்து அளக்கும் கணக்கை அதில் போடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று, காணொளியின் கடைசியில் வெளியே வரும்போது அவளுக்கு இரண்டு காதும் முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்தீர்களா? அடுத்த 80 எந்தத் தேதியில் என்று எழுதுங்கள், எனக்கு அன்று லீவு என்றால் வந்து கம்பு தூக்கி வைக்கிறேன்.